ஓர் எழுத்து அதிகம்

பயம் வந்தால் வயிறு கலங்கும் என்பார்கள். எனக்கு முழங்கால்தான் முதலில் போகும். அன்று காலை ஏழரை மணிக்கு, திறப்பு விழாவுக்குச் சோடித்து வைத்திருந்த பூங்காவில், சிலைப் பீடத்து மஞ்சள் துணியைத் தூக்கிப் பார்த்த நிமிடம் இரண்டு முழங்காலும் என்னை விட்டுப் போய்விட்டன. தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்கப் போனது வெறும் பெருமையில். கல்லில் எழுத்து வெட்டியது என் வீட்டுக்காரர் பிரதீபன். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் அவர் கைதான். முந்தின நாள் பொழுதுபட நானும் அவரும் சேர்ந்துதான் கல்லைக் கொண்டுவந்தோம். ஆனால் சாக்கு சுற்றியிருந்ததால் எழுத்தை நான் பார்க்கவில்லை. சரி, ஊர் பார்ப்பதற்கு முன்னால் நாம் ஒரு தரம் பார்ப்போமே என்று போனேன். நடுவில் தமிழ் வரி. தங்க நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"இவ்வூர் அபிவிருத்தியின் தந்தை அமரர் சோமவீர முதலாளி அவர்களுக்கு ஊர் மக்களின் கௌரவம்."

அமரர்! ஆள் உயிரோடு இருக்கிறார். இன்னும் மூன்று மணித்தியாலத்தில் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்து, தானே கயிற்றை இழுத்து, தன்னுடைய சிலையைத் தானே திறக்கப்போகிறார்.

சோமவீர முதலாளி யாரென்று சொல்லிவிடுகிறேன். தெரணியகலைக்குப் போகிற ரோட்டில் எங்கள் பஜார் என்று ஒன்று இருப்பதே அவரால்தான். ரப்பர் தோட்டத்தின் கீழ்த்துண்டை வாங்கி, காணியாகப் பிரித்து விற்று, ரோடு போட்டு, கடை வரிசை கட்டி, பஸ் நிறுத்தம் கட்டி, மிஞ்சிய மூலையைப் பூங்காவுக்குக் கொடுத்தார். மனுஷன் எதையும் வீணாக்க மாட்டார். அந்த மூலையில் முன்பு இருந்த ரப்பர் ஷீட் புகைக்கூடத்துச் செங்கல்லைக்கூடக் கொட்டாமல் பூங்காவுக்கு நடைபாதையாகப் போட்டார். வர்த்தக சங்கம் அவருக்கு ஒரு சிமெந்துச் சிலை செய்தது. வலது கையை நீட்டிக்கொண்டு, பஸ் கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்பதுபோல நிற்கும். பூங்கா வாசலில் தேநீர்க்கடை வைத்திருக்கிற நான், அதைப் பார்த்து எத்தனையோ நாள் வாய்க்குள் சிரித்திருக்கிறேன்.

அன்று சிரிப்பு வரவில்லை. பொன்னுத்துரை அண்ணனின் கைதான் கண்ணுக்குள் வந்தது.

பொன்னுத்துரை அண்ணன் மேல் லயத்துக்காரர், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்துகொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர். ஜனவரியில் ஒரு நாள் முதலாளி பஜாரில் மயங்கி விழுந்தார். உடனே யாரோ சூனியம் என்றார்கள். முதலாளி வீட்டு வாசலைத் தோண்டினால் மந்திரித்த செப்புத் தகடு ஒன்று வந்ததாம். அந்த வீட்டு முற்றத்தில் கடைசியாகப் புல்லு வெட்டியது பொன்னுத்துரை. அவ்வளவுதான். முதலாளியின் மருமகன் நிஷாந்த நான்கு பேரோடு போனான். அண்ணனின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. பொலிசில் முறைப்பாடு கொடுக்க அவரோடு துணைக்குப் போக ஒருவரும் இல்லை. நாங்களும் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு செப்புத் தகட்டுக்கே அப்படியென்றால், உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் என்று கருங்கல்லில் வெட்டி, நடுப் பஜாரில் நட்டு வைத்த தமிழனை என்ன செய்வார்கள்?

பிரதீபன் பந்தல் பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"இது என்னங்க?"

"ஏன், கோணலா இருக்கா?"

"அமரர்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"மரியாதைதானே. ஒன்னையக் கேட்டுத்தானே வெட்டுனேன்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தங்கச்சி பிள்ளைக்குப் பேர் வைக்க நான் எட்டியாந்தோட்டைக்குப் போயிருந்தபோது போன் எடுத்தார். இந்தப் பக்கம் பிள்ளை கத்துகிறது, அடுப்பில் பாயாசம் பொங்குகிறது. "அமரர்ங்கிறது மரியாதையான சொல்லுதானே?" என்று கேட்டார். வழக்கம்போல ஏதோ கல்லறைக் கல் வெட்டுகிறார் என்று நினைத்து, "மரியாதைதான், மரியாதைதான், போன வைங்க!" என்று கத்தினேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தார். தமிழ் பேசுவார், சண்டை போடுவார், எழுத்துக் கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். அவருக்கு வந்த தமிழ் வேலை எல்லாம் கல்லறைக் கல். எல்லாக் கல்லிலும் பேருக்கு முன்னால் 'அமரர்' இருந்தது. பெரிய மனுஷர்களுக்குப் போடுகிற பட்டம் போலிருக்கிறது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சங்கம் கொடுத்த சிங்கள வரியில் 'அமரணீய' என்று இருந்ததாம், அழியாத சேவை என்ற அர்த்தத்தில். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"செத்தவங்களுக்குத்தாங்க போடுவாங்க அமரர்னு," என்றேன்.

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியாது. கல்லைப் பார்த்தார், மேல் லயத்துப் பக்கம் பார்த்தார். "ராகினி, நாம போயிருவோம். இப்பவே பஸ் எடுத்து ஒங்கம்மா வீட்டுக்கு..."

"ஓடுனா வேணும்னு செஞ்சதுன்னு ஆயிரும். சும்மா இருங்க, யோசிக்க விடுங்க."

கல்லைக் கழற்ற முடியாது. ராத்திரிதான் சிமெந்து போட்டு ஒட்டியிருக்கிறது. சங்கத்து ஆட்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிய எழுத்தை அழிக்கவும் முடியாது. திரும்பத் திரும்ப அந்த நான்கு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அ, ம, ர, ர். சட்டென்று புத்தி வேலை செய்தது.

"கடைசி எழுத்த மட்டும் மூடுங்க. 'ர்' போச்சுன்னா 'அமர' ஆயிரும். அமரன்னா சாகாதவருன்னு அர்த்தம். ஒரு எழுத்துதாங்க!"

கபூர் நானாவின் ஹாட்வெயார் கடை அப்போதுதான் பாதிக் கதவு திறந்திருந்தது. ஓட்டை அடைக்கிற கறுப்புப் புட்டிப் பசை கேட்டேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, முகமெல்லாம் வெளுத்துப் போய் ஈக்கி?" என்றார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. சொல்லிவிட்டேன். "யா அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு புட்டி டப்பாவைக் கையில் திணித்து, "நாலு மணித்தியாலம் காயணும், தண்ணி படப்படாது. எனக்குத் தமிழ் வாசிக்க ஏலும்டு நான் இண்டைக்கு மறந்துட்டேன். போ, போ," என்றார்.

பிரதீபன் அந்த எழுத்தை நிரப்பினார். நான் துணியைப் பிடித்துக்கொண்டு மறைத்து நின்றேன். மேலே பாலிஷ் தடவி முடிக்கிற நேரம், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நிஷாந்த.

என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். கல்லில் ஒரு சின்னச் சில்லு போய்விட்டது என்று பிரதீபன் சொன்னார். அவன் போனை எடுத்தான். முந்தின நாள் ராத்திரி கல்லை ஒட்டும்போது படம் பிடித்து வைத்திருந்திருக்கிறான். படத்தைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். தமிழ் ஓர் எழுத்து தெரியாதவன், விரலை வைத்து எண்ணினான்.

"மெத்தன அகுரக் அடுய் நேத?"

இங்கே ஓர் எழுத்து குறைகிறதே என்கிறான். பிரதீபன் புட்டி டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முழங்கால் ஆடினாலும் என் வாய்க்கு என்றைக்கும் ஒன்றும் ஆகாது. அந்த எழுத்து அதிகம் மாத்தயா, இவர் பிழையாக வெட்டிவிட்டார், அதைத்தான் மூடுகிறோம் என்று சிங்களத்தில் கொட்டினேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு, தமிழ்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் பேச்சு எனக்குக் காதில் தேனாக விழுந்தது.

சுபநேரம் பத்து நாற்பத்திரண்டு. மேல் லயத்துச் சனத்தைக் கூட்டம் காட்ட லொறியில் ஏற்றி வந்திருந்தார்கள். கையில் மாவுக்கட்டோடு பொன்னுத்துரை அண்ணனும் வந்து ஓரமாக நின்றார். வராவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்களே. விகாரையிலிருந்து வந்த ஹாமதுரு பிரித் ஓதினார், மேளம் அடித்தார்கள், முதலாளி கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். நான் 'அமர' என்ற மூன்று எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாடா என்று மூச்சு விடப்போனேன்.

எங்கள் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வராது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சனம் பந்தலுக்குள் ஓடியது. கல்லின் மேல் தண்ணீர் வழிந்தது. காயாத புட்டி முதலில் கறுப்பாகக் கசிந்தது, பிறகு புழு மாதிரி நெளிந்து கீழே இறங்கியது. உள்ளேயிருந்து தங்கப் பூச்சோடு அந்த 'ர்', புள்ளியும் தானுமாக, எழுந்து வந்தது.

நான் குடையை விரித்துக்கொண்டு ஓடிப்போய்க் கல்லுக்கு முன்னால் நின்றேன். பைத்தியக்காரி மாதிரி இருந்திருக்கும். ஆனால் பந்தல் ஓரத்தில் நின்ற லயத்துச் சனம் அதற்குள் பார்த்துவிட்டது. "அமரராம்..." என்று ஒரு பெண் பிள்ளை சொல்லத் தொடங்கினாள், அவள் அம்மா வாயைப் பொத்தினாள். ஐம்பது அறுபது பேர் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பொன்னுத்துரை அண்ணன் மாவுக்கட்டு போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். எனக்கு மழையைவிட அந்த மௌனம்தான் பயங்கரமாக இருந்தது.

முதலாளி குடையோடு என்னை நோக்கி வந்தார்.

"நங்கி, தங்கச்சி, கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினேன். வேறென்ன செய்ய? அவர் குனிந்தார். சிங்கள வரியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் நடு வரிக்கு வந்தது.

"அ... ம... ர... ர்."

காணி, கடை எல்லாம் வருவதற்கு முன்னால் அவர் லய வாசலில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். ரொட்டி சுற்றித் தரும் தமிழ்ப் பேப்பரை உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவாராம். தமிழ் பேசுவார் என்று ஊருக்கே தெரியும். வாசிப்பார் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

"யாரு வெட்டுனது?"

"எங்க வீட்டுக்காரருங்க. ஆனா தப்பு என்னோடதுங்க, முதலாளி. அவரு கேட்டாரு, நான்தான் சரின்னு சொல்லிட்டேன். அவருக்கு ஒன்னும் தெரியாதுங்க. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கம், தாங்கியிருப்பேன். உதடு காய்ந்துபோய் இருந்தது. குடையை என் குடையோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என்னதுங்க?"

"கொழும்பு டொக்டர் எனக்கு மட்டுந்தான் சொன்னாரு. வீட்டு நோனாவுக்குக்கூட நான் சொல்லல. வெசாக் பண்டிகை தாண்டாதுன்னாரு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

குடைக் கம்பு அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் பயந்து நடுங்கிய மனுஷன், என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சத்தியமா ஒன்னும் தெரியாதுங்க. எழுத்துப் பிழைங்க."

அவர் இன்னொரு தரம் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "பிழை இல்ல நங்கி. கொஞ்சம் முந்திப் போச்சு, அவ்வளவுதான். இருக்கட்டும். வெசாக்குக்கு அப்புறம் சரியாத்தானே இருக்கும்?"

"ஐயோ, வேணாங்க!" என்று கத்தியே விட்டேன். "நீங்க போன பொறகு இதப் பார்த்தா எங்கள உசுரோட விடுவாங்களா? பொன்னுத்துரை அண்ணன் கையப் பாருங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் திரும்பி அந்த மாவுக்கட்டைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாம நடந்தது," என்றார். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது.

நிஷாந்த நனைந்துகொண்டு எங்களை நோக்கி வந்தான். முதலாளி உடனே நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிங்களத்தில் சத்தம் போட்டார்: தமிழில் என் பேர் பிழையாக இருக்கிறது, இந்தக் கல்லைக் கழற்று, புதிதாக வெட்டி என்னிடம் காட்டிய பிறகு வை. நிஷாந்த, காலையிலேயே இந்தப் பெண் பிழை என்று சொன்னாள் என்று தலையாட்டினான். முதலாளி போகிற போக்கில் என் பக்கம் குனிந்தார்.

"இத ஒடைச்சிராதீங்க. இன்னொரு கல்லு எதுக்கு வீணா? பத்திரமா வைங்க."

ஒரு வாரத்தில் புதுக் கல் வைத்தோம். 'மதிப்பிற்குரிய' என்று வெட்டி, ஏழு தரம் நான் வாசித்து, முதலாளியும் வாசித்து, பிறகுதான் ஒட்டினோம். பழைய கல் எங்கள் வீட்டுப் பின் கொட்டிலில், சாக்குக்கு அடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. "ஒடைச்சு ஆத்துல போடுங்க," என்று நான் பத்துத் தரமாவது சொன்னேன். "அவரு வைக்கச் சொல்லியிருக்காரு," என்பார் பிரதீபன். "அவரு போன பொறகு நிஷாந்த இத கண்டான்னா?" அவர் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுவார்.

முதலாளி தினமும் காலையில் பூங்காவில் நடந்துவிட்டு என் கடையில் ஒரு பிளேன்டி குடிப்பார். "நங்கி, கல்லு இருக்குதானே?" என்பார். "இருக்குங்க," என்பேன். யாரோ பெண் வீட்டுச் சீரைப் பற்றி விசாரிப்பது மாதிரி இருக்கும். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, முருகா, இந்த மனுஷனுக்கு நூறு வயசு கொடு என்று வேண்டிக்கொள்ளாத நாளில்லை. அவர் பெண்சாதிகூட அவ்வளவு வேண்டியிருக்க மாட்டாள். சித்திரைப் புதுவருஷம் வந்தபோது அவர் சட்டை தோளில் தொங்கியது. அப்புறம் தடி பிடித்து வந்தார். வெசாக்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது மூன்று நாள் வரவில்லை.

நான்காம் நாள் காலையில் கடை திறக்கிறேன், பஜார் முழுக்கச் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி. அதைப் பார்த்து முடிக்கவில்லை, நிஷாந்தவின் வாகனம் வாசலில் வந்து நின்றது. நேராக என்னிடம் வந்தான்.

"பிரதீபன் எங்கே? மாமாவின் கல் உங்களிடம் இருக்கிறதாமே. காட்டு," என்றான் சிங்களத்தில்.

முழங்கால் போனது. முதல்தடவையாக என் வாயும் என்னைக் கைவிட்டது. பிரதீபன்தான் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிஷாந்த தானே சாக்கை இழுத்துப் போட்டு, கல்லைத் திருப்பி, முன்னால் குந்தினான். கீழே வெட்டியிருந்த திகதியைத் தடவினான். இலக்கம் எல்லாருக்கும் தெரியுமே. பெப்ரவரி மாதம். ஆள் செத்தது மே மாதத்தில். முடிந்தது எங்கள் கதை என்று கண்ணை மூடினேன்.

அவன் அழுதுகொண்டிருந்தான்.

"தான் போன பிறகு வைக்கவென்று மாமா அன்றைக்கே இந்தக் கல்லைச் சொல்லி வெட்டுவித்தாராம். நேற்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார். எங்களிடம்கூடச் சொல்லாமல், உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்."

பிரதீபன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கொட்டிலில் விழுந்து அழுதிருப்பேன்.

நிஷாந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு நடு வரியில் விரலை வைத்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காம் எழுத்தில் விரல் நின்றது. அவன் மறக்கவில்லை.

"இந்த எழுத்துதானே அன்றைக்கு அதிகம் என்று சொன்னாய்? இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கு எட்டியாந்தோட்டை அடுப்படியும் பொங்கிய பாயாசமும் ஞாபகம் வந்தன.

"மரியாதை, மாத்தயா," என்றேன். "மரியாதைதான்."